கட்டுச் சாப்பாட்டில் கொத்துக்கறி

கொத்திய இறைச்சியை மசாலாவுடன் வதக்கி, மெல்லிய ரொட்டியில் வைத்துச் சுருட்டி உண்ணும் வழக்கம் உலகின் பல நாடுகளில் காணப்படுகின்றது. மெக்ஸிகோ நாட்டார் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்து, அம்மாவினால் ரொட்டி தட்டுவர். அதனுள் இறைச்சியையும், பச்சை வெங்காயம், தக்காளி, கொத்தமல்லித் தழை முதலியவற்றையும் வைத்து மடித்து உண்பர். இப்பண்டத்திற்கு 'டாக்கோ' என்று பெயர். கோலார் தங்கவயலில் இதற்கு நெருங்கிய உறவுடைய பண்டம் ஒன்று உண்டு. அங்கு வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பத்தார், வதக்கிய கைமாவை மாவும் முட்டையும் கரைத்து வார்த்த மெல்லிய தோசையினுள் சுருட்டி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தெடுப்பர். 'பான்த்ராஸ்' என்பது அதன் பெயர். இத்தனை பாடுபடாமல், சப்பாத்தியின் நடுவே கைமாவை வைத்துச் சுருட்டிப் பிள்ளைகளுக்கும் வேலைக்குச் செல்வோருக்கும் கட்டிக் கொடுப்பது தமிழ் வீடுகளில் உள்ள எளிய வழி.

பெயர் எதுவாயினும் பண்டத்தின் அமைப்பு ஒன்றே. அரைத்த இறைச்சி, மாவுப் பொருளாலாகிய உறை, சமைக்காத காய் தழைகள், இவற்றை ஒன்று சேர்க்கும் மனிதனின் கை ஆகிய நான்கும் அதில் சந்திக்கின்றன. கிருமிகள் புகுவதற்கு நான்கு வாயில்கள் உள்ள வீட்டைப் போன்றது இது. இவ்வாயில்களுள் எது எப்பொழுது திறக்கின்றது என்பதை அறிந்துகொண்டால், அஞ்சாமல் சமைக்கலாம்.

தங்கவயலுக்கு இக்கேள்வி தனிச் சிறப்புடையது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கங்களின் பொறுப்பை ஏற்ற பின், வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் சென்று அங்குக் குடியேறினர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் நாளடைவில் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் உஷ்ணநிலை 60 பாகைக்கும் (சென்டிகிரேட்) மேலாகும். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின், நிலத்தினுள் இறங்கிய குடும்பங்களைச் சேர்ந்தோர் ரயில் ஏறத் தொடங்கினர். மாரிக்குப்பம், சாம்பியன், கோரமண்டல், உரிகம் ஆகிய சிறு நிலையங்களில் விடியுமுன் ஏறி, பங்காரப்பேட்டை வழியாக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் சென்று திரும்புவோர் பல்லாயிரவர். அவர்களிற் பெரும்பாலோர் அன்றன்று உழைத்துக் கூலி பெறுவோர். வயிற்றுப்போக்கினால் ஒரு நாள் படுத்துவிட்டால் அந்நாளின் கூலி இல்லை. ஆகவே, அதிகாலை ஐந்து மணிக்குக் கட்டிய சாப்பாடு பகல் ஒரு மணிக்கு எந்த நிலையில் இருக்கும் என்பது அவ்வூர் இல்லங்களில் வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

அரைப்பதனால் நேரும் மாறுதல்

முழுத் துண்டாக உள்ள ஆட்டிறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் வெளிப்புறத்திலேயே இருக்கும். தோலுரிக்கும்போதும் குடலை அகற்றும்போதும் கத்தியிலிருந்தும் கையிலிருந்தும் அவை இறைச்சியின் மேற்பரப்பில் படிகின்றன. அத்துண்டைச் சூடான சட்டியில் இட்டவுடன் முதலில் வேவது மேற்பரப்பே; கிருமிகளும் முதலில் அங்கேயே மடிகின்றன. இறைச்சியைக் கொத்தும்போதோ, இயந்திரத்தில் அரைக்கும்போதோ இந்த ஒழுங்கு குலைந்துவிடுகின்றது. மேற்பரப்பில் இருந்தவை உள்ளே கலந்துவிடுகின்றன. மேலும், இயந்திரத்தில் முன்னர் அரைத்த இறைச்சியின் எச்சமும் இதனுடன் சேர்கின்றது. ஆதலின் அரைத்த இறைச்சிக்கு வெளிப்புறம், உட்புறம் என்ற வேற்றுமை இல்லை. அதன் ஒவ்வோர் அணுவும் வெந்தாக வேண்டும்.

1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் அரைத்த மாட்டிறைச்சியினாலாகிய பண்டத்தை உண்டு எழுநூறு பேருக்கு மேல் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தன. 'ஈ. கோலி ஓ157' என்னும் பாக்டீரியா இதற்குக் காரணமாயிருந்தது. அரைத்த இறைச்சித் தட்டைகள் வெளியே பொன்னிறமாக வறுபட்டு, நடுவில் போதிய சூடு ஏறாமல் இருந்ததே அந்தப் பெருந்துன்பத்தின் மூலம். உணவின் எல்லாப் பகுதியும் 70 பாகை உஷ்ணத்தை எட்ட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் விதி. நிறத்தைக் கொண்டு இதனை முடிவு செய்தல் இயலாது. நான்கு தட்டைகளுள் ஒன்று, பாதுகாப்பான உஷ்ணத்தை அடையும் முன்னரே பழுப்பு நிறம் பெற்றுவிடுகின்றது என்று அமெரிக்க வேளாண்மைத் துறையினர் கண்டுள்ளனர்.

இவ்வகையில் நம் நாட்டுச் சமையல் முறைக்கு ஒரு நற்சான்று வழங்கலாம். கைமாவை வெங்காயத்துடன் உதிரியாக வதக்கி, நீர் விட்டுக் கொதிக்கவைத்துச் சுண்டவைக்கும் நம் முறையில், இறைச்சியின் எல்லாப் பகுதியும் கொதிநிலையை நெருங்கிவிடுகின்றது. தங்கவயல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளமையால் அங்கு நீர் 100 பாகையில் அன்றி 97 பாகை அளவிலேயே கொதிக்கின்றது. பருப்பு வேகச் சற்று நேரம் பிடிப்பதற்கு இது ஒரு காரணம். ஆயினும் உயிருள்ள பாக்டீரியாக்களைக் கொல்ல இவ்வுஷ்ணம் போதியதே. கோலா உருண்டை, கட்லெட், வடை போன்றவற்றை வேகாத கைமாவிலிருந்து உருட்டி நேரே எண்ணெயில் இடும்போதுதான் எச்சரிக்கை தேவை. எண்ணெயின் சூடு மிகுதியாயின் மேற்புறம் விரைவில் கருகும். நடுப்பகுதி பச்சையாகவே நிற்கும். கைமாவை முதலில் வேகவைத்துப் பின்னர் அரைத்து உருட்டும் பழைய முறை இந்த ஆபத்தை அறவே நீக்குகின்றது.

அவ்வாறாயின் நன்கு கொதித்த கைமாவை உண்டவரும் நோயுறுவது ஏன்?

கொதித்த பின்னும் உயிர்த்திருப்பவை

பாக்டீரியாக்களுள் சில வகைகள், காலம் தமக்குப் பாதகமாகும்போது தடித்த உறையுடன் கூடிய 'ஸ்போர்' என்னும் வித்துருவை எடுக்கின்றன. அந்நிலையில் அவை உண்பதில்லை, பெருகுவதில்லை. ஆனால் கொதிக்கும் நீரிலும் மடிவதில்லை. மண்ணிலும், விலங்குகளின் குடலிலும், அரிசியிலும், மிளகு மல்லி போன்ற மசாலாப் பொருள்களிலும் இவ்வித்துகள் இயல்பாகவே உண்டு. சமையல் முடிந்து சட்டி ஆறத் தொடங்கும்போது இவை விழித்தெழுகின்றன. கொதித்தலினால் மற்றக் கிருமிகள் யாவும் மடிந்துவிட்டமையால் போட்டியின்றி வளர்கின்றன. சமையலே இவற்றிற்கு நிலத்தை உழுது கொடுக்கின்றது எனினும் பொருந்தும்.

இறைச்சி உணவில் இவ்வாறு எழுவனவற்றுள் முதன்மையானது 'கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ்'. இப்பாக்டீரியா உணவின் வழியே நோய் விளைவிக்கும் விதத்தை பெட்டி ஹாப்ஸ் என்னும் ஆங்கில விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் 1953இல் விரிவாக விளக்கினர். முதல் நாள் பெரும் பாத்திரத்தில் வேகவைத்து, மெல்ல ஆறவிட்டு, மறுநாள் இளஞ்சூடாக்கிப் பரிமாறிய இறைச்சி என்பதே இந்நோயின் வழக்கமான வரலாறு. 43 முதல் 45 பாகை வரையுள்ள உஷ்ணத்தில் இப்பாக்டீரியா பத்து நிமிடத்திற்கு ஒரு முறை இரட்டிக்கின்றது. ஒரு கிராம் கைமாவில் பத்து பாக்டீரியாக்கள் இருப்பதாகக் கொள்வோம். பத்து நிமிடத்தில் இருபது, இருபது நிமிடத்தில் நாற்பது எனப் பெருகி, 200 நிமிடத்தில், அதாவது மூன்று மணி இருபது நிமிடத்தில், இருபது முறை இரட்டித்து அவை ஒரு கோடியைத் தாண்டிவிடும். ஒரு கிராமுக்குப் பத்து லட்சம் என்ற அளவே நோய் விளைவிக்கப் போதுமானது. உணவு முழுவதும் அந்த உஷ்ணத்திலேயே நெடுநேரம் நிற்பதில்லையாதலால் கணக்கு எப்பொழுதும் இவ்வளவு கடுமையாக அமைவதில்லை. எனினும் மூடிவைத்த ஆழமான சட்டியின் நடுப்பகுதி இதற்கு மிகவும் நெருங்கி வருகின்றது.

இந்நோயில் உண்ட 8 முதல் 12 மணி நேரத்தில் வயிற்று வலியும் பேதியும் தோன்றும். காய்ச்சலும் வாந்தியும் அரிது. இரவு எட்டு மணிக்கு உண்டவர் காலை ரயிலில் செல்லும்போது அவதியுறுவார். ரயில் நிலையத்தில் குடித்த தேநீரின் மேல் பழியைச் சுமத்துவார்.

சோற்றிலும் மாவுப் பொருள்களிலும் வாழும் மற்றொரு வித்துருவக் கிருமி 'பாசிலஸ் சீரியஸ்'. நார்வே நாட்டின் ஆஸ்லோ நகர மருத்துவமனையில் உண்டவர்கள் பலருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டபோது, ஹாகே என்னும் விஞ்ஞானி அதன் காரணத்தை ஆராய்ந்தார். முதல் நாளே மாவு சேர்த்துக் காய்ச்சி, குளிரூட்டாமல் வைத்திருந்த இனிப்புக் குழம்பின் மேல் ஐயம் விழுந்தது. ஹாகே இக்கிருமியை அதே வகைக் குழம்பில் வளர்த்து, அதில் 200 மில்லிலிட்டரைத் தாமே பருகினார். ஏறத்தாழ 13 மணி நேரத்திற்குப் பின் அவருக்கும் அதே வலியும் பேதியும் கண்டன. 1950களில் வெளியான இவ்வாராய்ச்சிக்குப் பின்னரே இக்கிருமியை மருத்துவ உலகம் மதித்தது. 1970களில் பிரிட்டனில், வேகவைத்துப் பல மணி நேரம் வெளியே வைத்திருந்து பின்னர் வறுத்த சோற்றினால் வாந்தி ஏற்பட்ட நிகழ்ச்சிகள் பல பதிவாயின. அங்கு வாந்தியை விளைவித்தது கிருமி அன்று. அது சோற்றில் சுரந்து வைத்திருந்த நச்சுப்பொருளே. இந்நச்சு கொதித்தலினால் அழிவதில்லை.

கொதித்தாலும் அழியாத நச்சுப்பொருளைச் சுரப்பதில் 'ஸ்டாஃபிலோகாக்கஸ்' என்னும் பாக்டீரியாவும் பெயர் பெற்றது. இது மண்ணிலிருந்து வருவதன்று; மனிதனின் மூக்கிலும் தோலிலும், கைப்புண்ணிலும் கொப்புளத்திலும் வாழ்வது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் பணியாற்றிய பார்பர் என்பவர் 1914இல் இதனை வெளிப்படுத்தினார். ஒரு பண்ணையின் பாலை அருந்தும் போதெல்லாம் நோயுற்று வந்த அவர், கறந்தவுடன் அருந்திய பாலினால் தீங்கில்லை என்றும், சில மணி நேரம் அறையின் உஷ்ணத்தில் வைத்திருந்த அதே பால் வாந்தியை உண்டாக்குகின்றது என்றும் தம் உடலிலேயே சோதித்து அறிந்தார். மடிநோயுற்ற ஒரு பசுவே மூலம் என்று தெரிய வந்தது. கிருமி இருப்பது வேறு. அதற்கு நேரம் கொடுப்பது வேறு. சப்பாத்திச் சுருளைப் பொறுத்தவரை, சமையல் முடிந்த பின் கைமாவை அள்ளி வைத்துச் சுருட்டும் விரல்களே இக்கிருமிக்கு வழி. விரலில் புண்ணுள்ளவர் அன்று சுருட்டும் வேலையை வேறொருவரிடம் விடுதல் வேண்டும்.

மீண்டும் சூடாக்குதல் பற்றி இங்குத் தெளிவு தேவை. பெர்ஃபிரிஞ்சென்ஸ் பெருகிய கைமாவை ஆவி பறக்கக் கொதிக்கவைத்தால் அதிலுள்ள உயிர்ப் பாக்டீரியாக்கள் மடியும். உணவு பெரும்பாலும் பாதுகாப்பாகிவிடும். ஏனெனில் அதன் நச்சு குடலினுள் சென்ற பின்னரே சுரக்கின்றது. மற்ற இரண்டும் முன்னரே நச்சைச் சுரந்துவிடுவனவாதலால் மறு கொதிப்பு அங்குப் பயன் தாராது. எந்த வகை வளர்ந்துள்ளது என்பதைக் கண்ணோ மூக்கோ நாவோ உணர்த்தாது. ஊசிப்போன வாடை வேறு கிருமிகளின் வேலை. நோய்க் கிருமிகள் பெரும்பாலும் வாடையின்றியே வளர்வன. "முகர்ந்து பார்த்தேன், நன்றாகவே இருந்தது" என்று கூறுவதில் பொய் இல்லை, பயனும் இல்லை.

சட்டியின் ஆழம்

5 பாகைக்குக் கீழும் 60 பாகைக்கு மேலும் இக்கிருமிகள் பெருகுவதில்லை அல்லது மிக மெதுவாகவே பெருகுகின்றன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதே அபாய எல்லை. சமைத்த உணவு இவ்வெல்லையில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் தங்குதல் ஆகாது. கடும் வெயில் காலத்தில் இதனினும் குறைவான நேரமே கொள்ளத் தக்கது.

ஆகவே சமைத்த கைமாவை உடனே உண்ண வேண்டும். அன்றேல் விரைவில் ஆற்ற வேண்டும். ஆறும் வேகம் பெரும்பாலும் பாத்திரத்தின் ஆழத்தைப் பொறுத்தது. கெட்டியான பதார்த்தத்தில் சூடு உள்ளிருந்து வெளியே ஊர்ந்து வருவதற்கு ஆகும் நேரம், ஆழத்தின் இருமடிக்கு ஏற்ப மிகுகின்றது. பன்னிரண்டு சென்டிமீட்டர் ஆழமுள்ள சட்டியில் நிறைந்த கைமாவை நான்கு சென்டிமீட்டர் கனத்தில் தட்டில் பரப்பினால், ஆழம் மூன்றில் ஒன்றாகின்றது. ஆறும் நேரமோ ஏறத்தாழ ஒன்பதில் ஒன்றாகக் குறைகின்றது. சட்டியில் ஐந்து மணி நேரம் எடுப்பது தட்டில் அரை மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். அலுமினியம் அல்லது எவர்சில்வர்த் தட்டை, குளிர்ந்த நீர் ஊற்றிய அகன்ற பாத்திரத்தின் மேல் வைத்து இடையிடையே கிளறினால் இன்னும் விரைவாக ஆறும். மண் சட்டியும் தடித்த இரும்புச் சட்டியும் சூட்டைப் பிடித்து வைப்பன. பரிமாற அவை நல்லன, ஆறவைக்க ஏற்றவையல்ல.

ஆறிய கைமா உடனே குளிர்ப்பெட்டிக்குள் செல்ல வேண்டும். சூடான சட்டியை அப்படியே உள்ளே வைப்பது அருகிலுள்ள பாலையும் தயிரையும் சூடேற்றும். விடியும் வரை வெளியே ஆறவிடுவதோ அதனினும் தீது. சிவசமுத்திரத்திலிருந்து 1902ஆம் ஆண்டிலேயே மின்சாரம் பெற்றவை தங்கவயலின் சுரங்கங்கள். ஆயினும் மின்தடை எவ்வூருக்கும் உரியதே. கதவைத் திறவாமலிருந்தால் குளிர்ப்பெட்டி ஏறத்தாழ நான்கு மணி நேரம் வரை குளிர்ச்சியைக் காக்கும் என்பதை நினைவில் கொள்ளலாம்.

பான்த்ராஸ் செய்வோர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சுடுகைமாவை வைத்துச் சுருட்டினால் உறை நனைந்து கிழியும். ஆகையால் கைமா ஆறிய பின்னரே சுருட்டுவர். சுருட்டியதை மாலையில் பொரிப்பதற்காகக் காலையிலேயே செய்து வைப்பதும் உண்டு. எண்ணெயில் ஓரிரு நிமிடம் பொரியும்போது மேலுறை முறுகுமேயன்றி, குளிர்ந்த நடுப்பகுதி 70 பாகையை எட்டும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே பொரித்தலைக் கிருமி நீக்கும் வேலையாகக் கருதலாகாது. கைமாவைத் தட்டில் ஆற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்து, உண்ணும் வேளைக்குச் சற்று முன் சுருட்டி, மிதமான எண்ணெயில் நிதானமாகப் பொரிப்பதே முறை.

கூழ் கெடாததும் கறி கெடுவதும்

கேழ்வரகுக் கூழும், நீர் ஊற்றி வைத்த பழஞ்சோறும் இரவெல்லாம் வெளியே இருக்கின்றன. அவற்றை உண்டு உழைத்தோர் தலைமுறை தலைமுறையாக நலமாக இருந்தனர். அவ்வாறாயின் கைமாவுக்கு மட்டும் ஏன் இத்தனை காவல் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கூழிலும் பழஞ்சோற்றிலும் 'லாக்டிக்' அமிலத்தைச் சுரக்கும் பாக்டீரியாக்கள் வளர்ந்து அவற்றைப் புளிக்கச் செய்கின்றன. புளிப்பு மிக மிக நோய்க் கிருமிகளின் வளர்ச்சி தடைப்படுகின்றது. விஞ்ஞானிகள் அமிலத் தன்மையை 'பி.ஹெச்.' என்னும் எண்ணால் குறிப்பர், அவ்வெண் 4.6க்குக் கீழ் சென்றுவிட்டால் மேலே கூறிய வித்துருவக் கிருமிகள் தலையெடுப்பது அரிது. தயிர்ச் சோறும், புளி மிகுத்துக் கிளறிய புளியோதரையும் வழிப்பயணத்திற்கு உகந்தவை என்று முன்னோர் கொண்டதன் உட்பொருளும் இதுவே. கைமாவிலோ அமிலம் சிறிதளவே உண்டு. புரதமும் ஈரமும் நிறைய உண்டு. சிறிது எலுமிச்சைச் சாறு பிழிவதால் சுவை மாறுமேயன்றி இந்நிலை மாறாது. மஞ்சளும் அவ்வாறே. மஞ்சள் தடவிய இறைச்சி கிருமியற்றது என்ற நம்பிக்கைக்கு, சமையலறையில் சேர்க்கும் அளவில், ஆதாரம் இல்லை.

விடியற்காலையில் கட்டிப் பகலில் உண்ணும் சாப்பாட்டிற்கு இதிலிருந்து பெறப்படுவது வெளிப்படை. கைமாச் சுருள் வீட்டில் சுடச்சுட உண்ணத் தக்க பண்டம். எட்டு மணி நேரப் பயணத்திற்கு உரியதன்று. கட்டியே ஆக வேண்டுமாயின் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, 60 பாகைக்குக் குறையாமல் சூடாகவே வைத்திருத்தல். கடைகளில் விற்கும் சூடு தாங்கும் அடுக்குகள் யாவும் இதனைச் செய்வதில்லை. சமையலுக்குரிய உஷ்ணமானி ஒன்று இருப்பின் வீட்டிலேயே சோதிக்கலாம். விடுமுறை நாளொன்றில் காலை ஐந்து மணிக்கு அடுக்கில் கொதிநீரை ஊற்றி மூடிவிட்டுப் பகல் ஒரு மணிக்குத் திறந்து உஷ்ணத்தை அளக்க வேண்டும். 60க்கு மேல் நின்றால் அந்த அடுக்கு ஏற்றது. 45 அளவில் நின்றால், அது உணவைக் காக்கும் கலமன்று, பாக்டீரியாவை வளர்க்கும் கலம். நீர் தாங்குமளவு சூட்டைக் கைமா தாங்காது என்பதால் சோதனையில் சிறிது மிகுதி இருத்தல் நலம். உணவை இடுமுன் அடுக்கைக் கொதிநீரால் சூடாக்கிக் கொள்வது பெரிதும் உதவும்.

இரண்டாவது வழி, குளிர்ச்சியாகவே கொண்டு செல்லுதல். முதல் நாள் இரவே ஆற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்த கைமாவை, உறைந்த நீருள்ள பாட்டிலுடன் ஒட்டிவைத்துத் துணியில் சுற்றி எடுத்துச் செல்லலாம். சப்பாத்தியைத் தனியே கட்டுதல் வேண்டும். வேலையிடத்தில் அடுப்பு இருப்பின் ஆவி பறக்கச் சூடாக்கிச் சுருட்டிக் கொள்ளலாம். பாட்டிலில் உள்ள பனிக்கட்டி உண்ணும் வேளை வரை முற்றும் உருகாமலிருப்பதே அடையாளம். இரண்டு வழிகளுக்கும் வசதி இல்லாத இடத்தில் புளியோதரையும் தயிர்ச் சோறும் இருக்கின்றன. கைமா ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கலாம்.

பச்சைப் பொருள்கள்

2006ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் டாக்கோ உண்டோர் எழுபத்தொருவர் நோயுற்றனர். கிருமி முன்னர்க் கூறிய அதே ஈ. கோலி. எல்லோரும் இறைச்சியையே ஐயுற்றனர். ஆராய்ச்சியின் முடிவிலோ, மேலே தூவிய நறுக்கிய லெட்டூஸ் கீரையே பெரும்பாலும் காரணமாயிருக்க வேண்டும் என்று தெரிந்தது. இறைச்சி நெருப்பைக் கண்டது, கீரை காணவில்லை.

நம் இல்லங்களில் அவ்விடத்தை வெங்காயமும் தக்காளியும் கொத்தமல்லியும் புதினாத் துவையலும் பெறுகின்றன. கொத்தமல்லியை வேரை நீக்கி, இலை இலையாகப் பிரித்து, ஓடும் நீரிலோ இரண்டு மூன்று முறை மாற்றிய நன்னீரிலோ கழுவ வேண்டும். தங்கவயலில் இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பொன்னைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய அரைத்த பாறைத்தூள், மூன்று கோடி டன்னுக்கும் மேலாக, 'சயனைட்' குன்றுகள் என்று மக்கள் அழைக்கும் மேடுகளாக ஊரிடையே நிற்கின்றது. காற்றுக் காலத்தில் அத்தூள் பறந்து கடைவீதிக் காய்களின் மேலும் திறந்த பாத்திரங்களின் மேலும் படிகின்றது. கிருமியை நெருப்பு கொல்லும். தாதுத் தூளை நெருப்பு ஒன்றும் செய்யாது. அதனைக் கழுவித்தான் நீக்க வேண்டும், மூடித்தான் தடுக்க வேண்டும். குழாய் நீர் நாள்தோறும் வாராத வீடுகளில் சேமித்த நீரைக் கையிட்டு மொள்ளாமல் நீண்ட பிடியுள்ள கரண்டியால் எடுப்பதும், பச்சையாக உண்பவற்றைக் கொதித்து ஆறிய நீரில் கடைசி முறை அலசுவதும் நன்று.

இறைச்சி கொத்திய பலகையில் அப்படியே வெங்காயம் அரிவது மிகச் சாதாரணமாக நிகழும் தவறு. பச்சைப் பொருள்களை முதலில் அரிந்து மூடிவைத்துவிட்டு, இறைச்சியைப் பின்னர் எடுத்தால் ஒரே பலகை உள்ள வீட்டிலும் தவறு நேராது. கோழியைக் குழாயின் கீழ் பிடித்துக் கழுவுவதால் கிருமிகள் நீங்குவதில்லை. தெறிக்கும் துளிகளால் அவை சுற்றிலும் பரவுகின்றன. கழுவியே ஆக வேண்டும் என்போர் பாத்திரத்தில் நீர் நிரப்பி அதனுள் மெல்ல அலசலாம். பின்னர் அவ்விடத்தையும் கைகளையும் சோப்பினால் கழுவ வேண்டும்.

நோய் கண்டால்

வாந்தி பேதியில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் உடலின் நீரும் உப்பும் வெளியேறுவதால் நேர்கின்றது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுத்து ஏராளமானோரைக் காத்தார். மருந்துக் கடையில் கிடைக்கும் பொட்டலத்தை அதில் குறித்த அளவு நீரில் கரைப்பதே சிறந்தது. அது கிட்டாதபோது, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு சமதட்டுத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். உப்பு மிகுதல் தீங்கு; கண்ணளவாகப் போடலாகாது. மலத்தில் இரத்தம் காணுதல், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைதல், குழந்தை சோர்ந்து கிடத்தல் ஆகியவற்றுள் எது தோன்றினும் மருத்துவரிடம் உடனே செல்ல வேண்டும். இரத்தப் பேதியில் போக்கை நிறுத்தும் மாத்திரையைத் தாமாகக் கொடுத்தல் ஆகாது. முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்தில் உண்டவற்றையும் உண்ட வேளையையும் அவரிடம் கூறினால், நோயின் காரணத்தை ஊகிக்க அது துணை செய்யும். கலக்கிய கரைசலை மறுநாளைக்கு வைத்திராமல் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். அதுவும் நுண்ணுயிர்கள் வளரக்கூடிய நீர்மமே.